மரக்கூழில் இருந்து சுத்தமான சர்க்கரை எடுத்துத் தொழில் செய்ய முடியுமா?

மரக்கூழில் ஆசிட் சேர்த்தால் சர்க்கரை ஆகிவிடும் என்கிறார்களே, அது உண்மையா, சின்ன அளவில் தொழிலாகச் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மைதான். நானே என் கையால் எடுத்திருக்கிறேன். தொழிலாகச் செய்யலாமா என்றால், வேண்டாம் என்பேன். ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நீங்கள் மரக்கடையோ அறுவை மில்லோ வைத்திருப்பவராக இருக்க வேண்டும். யாரோ ஒருவர் வந்து, "உங்க மில்லுல மரத்தூள் சும்மா கிடக்குது, இதுல பாதி சர்க்கரைதான், மிஷின் நான் போட்டுத் தர்றேன்" என்று சொல்லி, ஒரு பாட்டிலில் வெள்ளைப் பொடியும் காட்டியிருப்பார். என் சொந்தக்காரர் ஒருவரிடம் இதே பேச்சோடு ஒருவர் வந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன். உங்களுக்கு அப்படி யாரும் வரவில்லை, வெறும் ஆர்வத்தில்தான் கேட்டீர்கள் என்றால் நல்லது, படித்துவிட்டுப் போங்கள்.

முதலில் இதன் அடிப்படை. மரத்தில் கிட்டத்தட்ட பாதி செல்லுலோஸ். அது வேறொன்றுமில்லை, குளுக்கோஸ் ஒன்றோடு ஒன்று கைகோத்து நிற்கும் நீண்ட சங்கிலி. மரவள்ளிக் கிழங்கில் இருக்கும் மாவும் அதே குளுக்கோஸ் சங்கிலிதான். ஆனால் கோத்திருக்கும் விதம் வேறு. மாவின் பிணைப்பை நம் எச்சிலே உடைத்துவிடும். செல்லுலோஸின் பிணைப்பை நம் உடம்பால் உடைக்க முடியாது, மாட்டுக்குக்கூட அதன் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள்தான் உடைத்துக் கொடுக்கின்றன. அந்த வேலையை ஆசிட் செய்யும். ஒவ்வொரு பிணைப்பு உடையும்போதும் ஒரு தண்ணீர் மூலக்கூறு உள்ளே சேர்ந்துகொள்வதால், கணக்குப்படி 100 கிலோ செல்லுலோஸில் இருந்து 111 கிலோ குளுக்கோஸ் வரவேண்டும். ஏஜென்டுகள் காட்டும் கணக்கு இதோடு நின்றுவிடும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கிடைப்பது குளுக்கோஸ். நாம் காபிக்குப் போடும் கரும்புச் சர்க்கரை சுக்ரோஸ், அது மரத்தில் இருந்து இந்த வழியில் வரவே வராது. குளுக்கோஸின் இனிப்பும் அதைவிடக் குறைவு, முக்கால் பங்குகூட இருக்காது.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1819-லேயே பிரான்சில் பிராக்கனோ என்ற வேதியியலாளர் பழைய லினன் துணியைக் கந்தக அமிலத்தில் கரைத்து, சுண்ணாம்பால் அமிலத்தைப் போக்கி, சர்க்கரைப் படிகம் எடுத்துக் காட்டினார். ஜெர்மனியில் இதற்கு இரண்டு வழிகள் உருவாயின. மான்ஹைம் பக்கம் ரைனாவில் பெர்கியுஸ் அடர்ந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் செய்தார். 1931-ல் நோபல் பரிசு பெற்றவர்தான் அவர், ஆனால் அந்தப் பரிசு இதற்காக இல்லை, உயர் அழுத்த வேதியியலுக்காக. ஷோலர் என்பவரின் முறையில் ஹாம்பர்க் பக்கம் டோர்னெஷில் நீர்த்த கந்தக அமிலத்தைக் கொதிநிலைக்கு மேல் சூடேற்றி, அழுத்தத்தில் மரத்தூள் வழியாக விட்டார்கள். போர்க் காலத்தில் இந்தச் சர்க்கரை பெரும்பாலும் ஈஸ்ட் வளர்க்கவும் சாராயம் எடுக்கவும் போனது. போர் முடிந்து சர்க்கரை ஆலைக் கழிவுப் பாகான மலிவான மொலாசஸ் திரும்பக் கிடைத்ததும் மேற்கு ஐரோப்பாவில் இதெல்லாம் மூடப்பட்டது. சோவியத் நாட்டில் மட்டும் அரசே நடத்தியதால் பல ஆண்டுகள் ஓடியது, அங்கேயும் சாராயமும் மாட்டுத் தீவன ஈஸ்ட்டும்தான். இன்றைக்கும் பாருங்கள், ஜெர்மனியில் லாய்னாவில் யூபிஎம் என்ற பின்லாந்து நிறுவனம் பீச் மரத்தில் இருந்து சர்க்கரை எடுக்க ஆலை கட்டியது. அந்தச் சர்க்கரையும் கடைக்கு வருவதற்கு இல்லை, பிளாஸ்டிக் தொழிலுக்கான கிளைக்கால் ஆவதற்கு. மரத்தைச் சர்க்கரை ஆக்கியவர்களில் அதைச் சர்க்கரையாகவே விற்றுப் பெரிய அளவில் பிழைத்தவர் என்று எனக்குத் தெரிந்து யாரும் இல்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு, சைலிட்டால் என்ற இனிப்புப் பொருள். பின்லாந்தில் பிர்ச் மரத்தில் இருந்து சைலோஸ் என்ற இன்னொரு சர்க்கரையைப் பிரித்து, நிக்கல் வினையூக்கியில் ஹைட்ரஜன் ஏற்றி சைலிட்டால் செய்தார்கள். பல்லுக்கு நல்லது என்று 1970-களில் துர்க்கு நகரத்தில் நடந்த ஆய்வுகளால் அதற்கு நல்ல விலை கிடைத்தது. இப்போது சீனாவில் மக்காச்சோளச் சக்கையில் இருந்தே அது டன் டன்னாக வருகிறது.

சரி, என் கதைக்கு வருகிறேன். நான் டிப்ளமோ முடித்துவிட்டு கோவைப் பக்கம் ஒரு தனியார் ஆய்வகத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். பேப்பர் மில்களில் இருந்து வரும் கூழ், மரச்சில்லு எல்லாவற்றையும் சோதித்துக் கொடுப்பது எங்கள் வேலை. ஒரு மாதிரியில் எவ்வளவு சர்க்கரை, எவ்வளவு லிக்னின் (மர நாரை ஒட்டிப் பிடிக்கும் பொருள்) என்று பார்க்க அதை முழுக்கக் கரைத்தாக வேண்டும். 0.3 கிராம் மாதிரியைச் சோதனைக் குழாயில் போட்டு, 72 சதவீதக் கந்தக அமிலம் 3 மில்லி ஊற்றி, 30 டிகிரித் தண்ணீரில் ஒரு மணி நேரம் நிறுத்தி, கண்ணாடிக் குச்சியால் அடிக்கடி கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். மரத்தூள் என்றால் உடனே கன்னங்கரேல் என்று ஆகிவிடும். வெளுத்த தைலமரக் கூழ் அப்படி இல்லை. முதலில் உப்பிப் பிசின் மாதிரி ஒட்டும், குச்சி நகராது, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக இளகி, கண்ணாடிபோலத் தெளிந்து வரும். நாரே இருக்காது. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அது அலுத்ததில்லை. அப்புறம் 84 மில்லி தண்ணீர் விட்டு நீர்க்க வைத்து, ஆட்டோகிளேவில் (பெரிய பிரஷர் குக்கர் மாதிரியான கலம்) 121 டிகிரியில் ஒரு மணி நேரம். அவ்வளவுதான், சர்க்கரை தயார்.

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. அந்தத் தண்ணீரில் சர்க்கரை 0.3 கிராம் அளவுக்கு இருக்கிறது, கந்தக அமிலம் மூன்றரை கிராம் இருக்கிறது. கால்சியம் கார்பனேட் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும், ஒரேயடியாகக் கொட்டினால் நுரைத்துப் பொங்கி வெளியே போய்விடும். பிஎச், அதாவது அமிலத்தன்மையின் அளவு, 6-ஐத் தாண்டவும் கூடாது, தாண்டினால் சர்க்கரை கெட ஆரம்பிக்கும். முடிந்ததும் அடியில் படியும் ஜிப்சம் 6 கிராம். 0.3 கிராம் சர்க்கரைக்கு 6 கிராம் ஜிப்சம்! இது சோதனை முறை, ஆலையில் இவ்வளவு ஆசிட் போடமாட்டார்கள் என்று யாராவது கருத்துப் பெட்டியில் எழுதுவார்கள், அது எனக்கும் தெரியும். ஆனால் எந்த அளவில் செய்தாலும் 1 கிலோ கந்தக அமிலத்தைச் சுண்ணாம்பால் போக்கினால் ஒன்றே முக்கால் கிலோ ஜிப்சம் வரும், இந்தக் கணக்கு மாறாது. ஆசிட்டைத் திரும்ப எடுக்காமல் இந்தத் தொழில் இல்லை. திரும்ப எடுக்கும் பகுதிதான் ஆலையிலேயே விலை கூடியது.

ஆசிட்டைக் குறைத்து சூட்டைக் கூட்டினால் போதாதா என்றால், அப்போது வேறு தொல்லை. உருவாகும் குளுக்கோஸே அந்தச் சூட்டில் சிதைந்து ஹைட்ராக்ஸிமெத்தில்ஃபர்ஃபுரால் ஆகும், சைலோஸ் ஃபர்ஃபுரால் ஆகும். நிறம் பழுப்பாகும், பாதாம் மாதிரி ஒரு கார வாடை வரும், ஈஸ்ட் போட்டால் அதுகூடச் சரியாக வளராது. வரவேண்டிய சர்க்கரையில் பாதி கைக்கு வந்தாலே பெரிது.

ஒருமுறை எங்கள் மேலாளர் ஒரு வாடிக்கையாளருக்காகக் கூழில் இருந்து சுத்தமான குளுக்கோஸ் படிகமாகவே எடுத்துக் காட்ட வேண்டும் என்றார். அதை என்னிடம் கொடுத்தார்கள். கரைத்தேன், அமிலம் போக்கினேன், கரித்தூள் போட்டு நிறம் எடுத்தேன், ரெசின் குழாய்களில் விட்டு மிச்ச உப்பை எடுத்தேன், வெற்றிடத்தில் குறைந்த சூட்டில் சுண்டவைத்தேன். தேன் மாதிரி தெளிவான பாகு வந்தது. ஆனால் படிகம் மட்டும் விழவில்லை. நாள் கணக்கில் வைத்தும் பாகு பாகாகவே இருந்தது.

மேலாளர் வந்து பார்த்துவிட்டு, "ஏம்மா, ஆசிட் மிச்சம் இருக்கு, நீ சரியா எடுக்கலை" என்றார்.

"இல்ல சார், பிஎச் சரியா இருக்கு, சல்பேட்டும் இல்லை. சைலோஸ்தான் சார் தடுக்குது. குளுக்கோஸுக்கு அடுத்து வர்ற பீக்கைப் பாருங்க" என்றேன். பீக் என்றால், சர்க்கரைகளைப் பிரித்துக் காட்டும் கருவியின் தாளில் ஒவ்வொரு சர்க்கரைக்கும் எழும் மேடு. பேப்பருக்கு என்று செய்யும் தைலமரக் கூழில் ஐந்தில் ஒரு பங்கு வரைக்கும் சைலான், அதாவது சைலோஸின் சங்கிலி, இருக்கலாம். அதுவும் உடைந்து பாகில் கலந்து, குளுக்கோஸைப் படிய விடாது. அவர் ஒத்துக்கொள்ளவில்லை. நான் கூழை முதலிலேயே சூடு இல்லாத காஸ்டிக் சோடா கரைசலில் ஊறவைத்து, சைலானைக் கரைத்து வெளியேற்றி, நன்றாகக் கழுவிவிட்டு மறுபடியும் முதலில் இருந்து செய்தேன். பாகு ஆறியதும் சுத்தமான குளுக்கோஸ் பொடி ஒரு சிட்டிகை விதையாகத் தூவி மெதுவாகக் கிளறினேன். மறுநாள் காலையில் பாத்திரத்தின் பக்கச் சுவர் எல்லாம் வெள்ளையாகப் படிந்திருந்தது. வடிகட்டி, கழுவி, உலர்த்தி, கருவியில் விட்டுப் பார்த்தேன். ஒரே ஒரு பீக். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் ஓடியது நினைவிருக்கிறது.

அறிக்கை போனது. செயல்முறையில் "கார முன்சுத்திகரிப்பு" என்று அழகாக ஒரு பத்தி, மேலாளர் பெயரும் ஆலோசகர் ஒருவர் பெயரும் மட்டும். பின்னால் ஒரு கருத்தரங்கிலும் அதையே வாசித்தார்கள். என் பெயர் நன்றி சொல்லும் இடத்தில்கூட இல்லை. கேள்விக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்பீர்கள், இருக்கட்டும். இந்த நாட்டில் லேபில் நின்று கை வெந்து வேலை பார்க்கும் டிப்ளமோக்காரர்கள், பிஎஸ்சி முடித்த பெண்கள் எல்லாருக்கும் இதே கதைதான். யோசித்தவர் யார் என்றால் ஏசி அறையில் இருந்தவர், தவறு நடந்தால் மட்டும் செய்தவர் நாங்கள். கேட்டால், "சம்பளம் வாங்குறேல்ல" என்பார்கள். சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடும் பதிவேட்டில் பெயர் இருக்கிறது, செய்த வேலையில் ஏன் இருக்கக் கூடாது? இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு ஆறாது.

நீ படித்தது டிப்ளமோ, ஆசிட்டுக்குப் பதிலாகச் செல்லுலோஸை உடைக்கும் என்சைம் பற்றி உனக்குத் தெரியுமா என்று கேட்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போரில் சாலமன் தீவுகளில் அமெரிக்க ராணுவத்தின் பருத்திக் கூடாரங்கள் மட்கிப்போனபோது, அவற்றில் கண்டெடுத்த டிரைக்கோடெர்மா ரீசை என்ற பூஞ்சைதான் செல்லுலேஸ் என்ற அந்த என்சைமைச் செய்யும் இன்றைய தொழிலுக்கே மூலம். ஆசிட் இல்லாமல் 50 டிகிரி சூட்டிலேயே உடைக்கும், குளுக்கோஸ் சிதையாது. நல்ல வழிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் மெதுவான வேலை, என்சைம் விலை ஒரு பக்கம், மரத்தை முதலில் வேகவைத்துப் பிரிக்கும் செலவு இன்னொரு பக்கம். கடைசியில் கரி, ரெசின், சுண்டவைப்பது, படிகமாக்குவது எல்லாம் அப்படியேதான் இருக்கும்.

நம் ஊரிலேயே சேலம், நாமக்கல் பக்கம் மரவள்ளி மாவு மூட்டை மூட்டையாகக் கிடைக்கிறது, நாட்டில் மக்காச்சோள மாவில் குளுக்கோஸ் செய்யும் பெரிய ஆலைகள் ஓடுகின்றன. அந்த மாவு லேசாக உடையும், சைலோஸ் தொல்லை இல்லை, லிக்னின் இல்லை. அந்த விலையோடு உங்கள் மரத்தூள் எப்படிப் போட்டி போடும்? மரத்தூளை பிரிக்கெட் (எரிகட்டி) போடுகிறவருக்கோ, பாய்லருக்கோ, காளான் வளர்ப்பவருக்கோ கொடுங்கள், காசு கையில் நிற்கும். தயவுசெய்து வீட்டில் ஆசிட் வாங்கி முயற்சி செய்யாதீர்கள். 72 சதவீதக் கந்தக அமிலம் தோலில் பட்டால் கூழுக்கு என்ன ஆகுமோ அதுதான் ஆகும்.

அப்படியும் அந்த ஏஜென்ட் விடமாட்டேன் என்கிறார் என்றால் மூன்று விஷயம் கேளுங்கள். ஆசிட்டை எப்படித் திரும்ப எடுக்கிறார், ஜிப்சமும் கழிவுத் தண்ணீரும் எங்கே போகிறது, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி யார் பெயரில் வாங்குவது. அப்புறம் அந்த பாட்டிலில் இருக்கும் வெள்ளைப் பொடியில் பாதியை வாங்கிக் கார்பன் ஐசோடோப் சோதனைக்கு அனுப்புங்கள். தேனில் சர்க்கரைப் பாகு கலந்திருக்கிறதா என்று பார்க்கச் செய்யும் அதே சோதனைதான். மக்காச்சோளமும் கரும்பும் ஒருவகையாகக் கார்பனை ஈர்க்கும், மரங்கள் வேறு வகையாக ஈர்க்கும், அதனால் சோளத்துக் குளுக்கோஸை மரத்துக் குளுக்கோஸ் என்று சொல்லி ஏமாற்ற முடியாது. மரவள்ளி மாவில் செய்ததாக இருந்தால் மட்டும் இந்தச் சோதனையில் பிடிபடாது, அது மரத்தோடு ஒத்துப்போகும். அதனால் அவரை உங்கள் கண் முன்னால், உங்கள் மில் தூளிலேயே செய்து காட்டச் சொல்லுங்கள். அதுவரைக்கும் முன்பணம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.