அக்டோபரில் ஃபூஜி மலை: ஏறவா, பார்க்கவா?

கேள்வி: அக்டோபர் நடுவில், அறுபதைத் தாண்டிய அப்பா அம்மாவோடு ஜப்பான் போகிறோம். ஏஜென்ட் 'ஃபூஜி ஏற்றம்' என்று தனியாகப் பணம் கேட்கிறார். ஜப்பான் ரயில்களில் போக ஏழு நாள் ஜேஆர் பாஸும் எடுக்கச் சொல்கிறார். கட்டலாமா?

பதில்: இரண்டுக்கும் கட்டாதீர்கள். மலையேறும் பாதைகள் ஜூலையில் திறந்து செப்டம்பர் 10-இல் மூடிவிடும். அவர் சொல்லும் ஏற்றம், மலையின் நடுவே சாலை முடியும் ஐந்தாம் நிலையம் வரை பஸ்ஸில் போய்த் திரும்புவதுதான்.

இதில் ஒன்றைப் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள். மூடுவது நடைபாதையை; சாலையை அல்ல. மலையேறும் நான்கு பாதைகளில் ஒன்றான யோஷிதா பக்கம் சுமார் 2,300 மீட்டர் உயரம் வரை, பனி அடைக்காத நாட்களில், அக்டோபரிலும் பஸ் போகும். அங்கே இறங்கலாம், கோமிதாகே கோயிலில் கும்பிடலாம். உச்சியோ 3,776 மீட்டர். அதற்குப் போகும் வழி அடைத்திருக்கும். மலையின் மேலேயே நிற்பதால் படங்களில் பார்த்த அந்தக் கூம்பு வடிவமும் அங்கிருந்து தெரியாது.

இதெல்லாம் பயணிக்குத் தெளிவாகத் தெரிய விட்டால்தானே! ஏறும் கட்டணம் 2024-இல் யோஷிதா பாதைக்கு மட்டும் 2,000 யென், மறு வருடம் நான்கு பாதைக்கும் 4,000. ஒரே மலைக்கு இரண்டு மாகாணம், இரண்டு பதிவு முறை. இந்தக் குழப்பத்தில்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள்.

ஜேஆர் பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 ஆனது. அவ்வளவு கொடுத்தும், ஓட்சுகியிலிருந்து, மலையைப் பார்க்க ஏற்ற அடிவார ஏரி ஊரான கவாகுச்சிகோ போகும் தனியார் ரயிலில் அது செல்லாது. டோக்கியோ ஷிஞ்சுகுவில் நேரடி பஸ் பிடியுங்கள். ஏறத்தாழ இரண்டு மணி நேரம்.

டோக்கியோவிலிருந்து ஒரே நாளில் போய் வர வேண்டாம். நீங்கள் போய்ச் சேர்வதற்குள் மேகம் மூடிவிட்டால் அவ்வளவுதான். கவாகுச்சிகோவில் ஒரு ராத்திரி தங்கி, விடிந்ததும் ஏரிக்கரைக்கு வாருங்கள். வடகரை ஓயிஷி பூங்காவில் அக்டோபர் நடுவில் கொக்கியா செடிகள் பந்து பந்தாகச் சிவந்திருக்கும். அதற்குப் பின்னால் ஏரி, ஏரிக்கு அப்பால் மலை. சமதளம், அப்பாவுக்குச் சிரமமில்லை. உச்சியில் பனி உண்டு என்று யார் உறுதி சொன்னாலும் நம்பாதீர்கள். 2024-இல் நவம்பர் பிறந்த பிறகே பனி தெரிந்தது.

மலையைப் பார்க்கப் பலரும் ஏறும் சுரேயிதோ பகோடா கோபுரத்துக்கு 398 படிகள். முட்டி வலி என்றால் விட்டுவிட்டு, கிதாகுச்சி ஹோங்கு செங்கென் கோயிலுக்குப் போங்கள். அந்தக் காலத்தில் யாத்ரீகர்கள் மலையின் தேவி கொனோஹனசகுயாவை வணங்கிவிட்டு ஏறத் தொடங்கிய இடம் அது; வானளந்த தேவதாரு மரங்களுக்கு நடுவே நடக்கலாம்.

அறை பதிவு செய்யும்போது 'லேக் வியூ' என்றால் உடனே தலையாட்டாதீர்கள். மலை ஏரிக்குத் தெற்கே இருக்கிறது. தென்கரை விடுதியில் ஏரியைப் பார்த்த ஜன்னல் என்றால், ஃபூஜி உங்கள் முதுகுக்குப் பின்னால்.