மூன்றே மாதத்தில் மார்க்கெட்டிங் பட்டயம் கிடைக்குமா?

கேள்வி: பி.காம். படித்துவிட்டு, சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு மொத்த வியாபாரக் கடையில் எட்டு ஆண்டுகளாக விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். வேலையை விடாமல் மார்க்கெட்டிங்கில் ஒரு சான்றிதழ் பெற விரும்புகிறேன். ஓராண்டுப் பட்டயத்தை முன்தேதியிட்டு, தேர்வு இல்லாமல், மூன்று மாதத்தில் வாங்கித் தருவதாக இங்குள்ள ஒரு மையம் சொல்கிறது. அசல் பட்டச் சான்றிதழை அவர்களிடம் கொடுத்திருக்கிறேன். பணம் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். முன்தேதியிட்ட சான்றிதழ் என்பது மோசடி ஆவணம். அது பிடிபடும் நாளில் மையத்துக்காரர் மட்டுமல்ல, நீங்களும் பதில் சொல்ல வேண்டும். தொலைநிலைப் படிப்பைத் தனியார் மையங்களுக்குக் குத்தகைக்கு விடப் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகள் அனுமதிப்பதில்லை. வெளிமாநில அரசுப் பல்கலைக்கழகம் இங்கே மையம் வைத்துத் தொலைநிலைப் படிப்பு நடத்தவும் முடியாது. என்னிடம் ஒருவர் கொண்டுவந்த ரசீதில் மையத்தின் ரப்பர் முத்திரை மட்டுமே இருந்தது. பல்கலைக்கழகத்தின் பெயர் கையால், அதுவும் எழுத்துப் பிழையோடு எழுதப்பட்டிருந்தது.

இதில் ஒரு நுணுக்கத்தைக் கவனியுங்கள். மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அங்கீகரிப்பது பட்டங்களையும் முதுநிலைப் பட்டயங்களையும்தான். வெறும் ‘சான்றிதழ்’ படிப்பு அந்தப் பட்டியலுக்குள் வராது. அதனால் சான்றிதழ் படிப்பெல்லாம் போலி என்று பொருளல்ல. திறமையைக் காட்ட அது உதவும், ஆனால் பட்டமோ முதுநிலைப் பட்டயமோ கல்வித் தகுதியாகக் கேட்கும் இடத்தில் செல்லாது. எனவே உங்கள் முதலாளி கேட்பது திறமையையா, தகுதியையா என்பதை முதலில் அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

திறமை போதும் என்றால், மத்திய அரசின் இணையவழிக் கல்வித் தளமான ஸ்வயத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்தும் மார்க்கெட்டிங் பாடங்களை இலவசமாகப் படிக்கலாம். சான்றிதழ் வேண்டுமானால் மட்டும் கட்டணம் செலுத்தி, தேர்வு மையத்துக்கு நேரில் சென்று எழுத வேண்டும். ஐ.ஐ.டி.களின் இந்தப் பாடங்களில் (என்.பி.டி.இ.எல். என்பது திட்டத்தின் பெயர்) வாராந்தரப் பயிற்சிகளுக்கு 25 மதிப்பெண், தேர்வுக்கு 75. தகுதியே வேண்டும் என்றால், இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போன்றவை நடத்தும் மார்க்கெட்டிங் முதுநிலைப் பட்டயத்தைப் பாருங்கள். நீங்கள் சேரும் பருவத்தில் அந்தப் படிப்பின் பெயர் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று தொலைநிலைக் கல்விப் பிரிவின் இணையதளத்தில் நீங்களே சரிபாருங்கள்.

இந்தப் பட்டயத்தில் சேரும் முன் ஏபிசி எண்ணும் (படிப்பில் பெறும் கிரெடிட்டுகளைச் சேர்த்துவைக்கும் கணக்கின் எண்), அதைக் கொண்டு டெப் எண்ணும் (தொலைநிலைக் கல்விப் பிரிவின் மாணவர் எண்) எடுக்க வேண்டும். ஆதாரில் இனிஷியல் பின்னால், மதிப்பெண் பட்டியலில் முன்னால் என்று இருந்தாலே எண் எடுக்கும் இணையதளம் முரண்டு பிடிக்கிறது. தமிழ்நாட்டில் பாதிப் பேரின் பெயர் இப்படித்தான் இருக்கிறது என்பதை இதுவரை ஒருவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை போலும். இந்தச் சலிப்பை மூலதனமாக்கித்தான் இடைத்தரகர்கள் பிழைக்கிறார்கள். ஆதாரில் உள்ள கைப்பேசி எண் இப்போதும் உங்களிடம் இருந்தால் ஒரு மாலைப் பொழுதில் முடியும் வேலை இது. கட்டணத்தைப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்திலேயே கட்டி, அதன் பெயரில் ரசீது பெறுங்கள்.

அசல் சான்றிதழை நாளைக்கே நேரில் போய்க் கேளுங்கள். தர மறுத்தால் எழுத்து மூலம் கேட்டு, நகல் வைத்துக்கொண்டு, அந்த நகலோடு காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள்.