கல்லூரி சாக்கர் (கால்பந்து) முடிந்த பிறகு பெண்கள் தொடர்ந்து ஆட வழி இருக்கிறதா?

கேள்வி: டெக்சாஸில் இருக்கிறோம். மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள், கிளப் அணியில் நன்றாக ஆடுகிறாள். கல்லூரி அணியில் சேர்ந்து நான்கு வருடம் ஆடினால், அதற்குப் பிறகு தொழிலாக ஆட முடியுமா? அல்லது பட்டத்தோடு ஆட்டமும் முடிந்துவிடுமா?

பதில்:

வழி இருக்கிறது. ஐந்து வருடத்துக்கு முன்பு இருந்ததைவிட அதிகமாகவே இருக்கிறது. ஆனால் முன்பு போல யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று காத்திருக்க முடியாது, நாமே தேடிப் போகவேண்டும். தேடிப் போகும்போது கையில் காட்ட ஆட்டம் இருக்கவேண்டும். அதனால் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்க்கச் சொல்வது ஒன்றுதான்: அங்கே உங்கள் பெண் களத்தில் ஆடுவாளா, பெஞ்சில் உட்காருவாளா? கல்லூரியின் பெயரும் புகழும் அதற்கு அப்புறம். என் மகள் கல்லூரி விளையாட்டின் மேல்நிலைப் பிரிவான டிவிஷன் 1-ல் அதிகம் பேர் கேள்விப்படாத ஒரு கல்லூரியில் நான்கு வருடமும் டிஃபெண்டராக ஆடினாள், பிறகு ஐஸ்லாந்தில் ஒரு சீசன் ஆடினாள். பக்கத்தில் இருந்து பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறேன்.

முதலில் மாறிப்போன விஷயம். அமெரிக்காவின் பெண்கள் தொழில்முறை லீக்கான என்.டபிள்யூ.எஸ்.எல். 2013-ல் தொடங்கியதிலிருந்து வருடாவருடம் டிராஃப்ட் நடத்தி, கல்லூரி முடித்தவர்களை கிளப்கள் வரிசையாகத் தேர்ந்தெடுத்தன. 2024 ஜனவரியில் நடந்ததுதான் கடைசி; அதில் முதலாவதாக எடுக்கப்பட்டவர் வட கரோலினா பல்கலைக்கழகத்தின் ஆலி சென்ட்னர். அந்த ஆகஸ்டில் ஆட்டக்காரர் சங்கத்தோடு போட்ட புது ஒப்பந்தத்தில் டிராஃப்டையே எடுத்துவிட்டார்கள். அமெரிக்காவின் பெரிய லீக்குகளில் இப்படிச் செய்தது இதுதான் முதல். இப்போது கல்லூரி முடித்தவர் எந்த கிளப்போடும் நேராகப் பேசலாம். நட்சத்திரங்களுக்கு இது கொண்டாட்டம், நாலு கிளப் போட்டி போடும். நடுத்தர ஆட்டக்காரருக்குத்தான் திண்டாட்டம். அவருடைய கோச் யாருக்காவது போன் செய்து, வீடியோ அனுப்பி, ஜனவரியில் தொடங்கும் சீசன் முன்பயிற்சிக்கு டிரையல் அழைப்பு வாங்கவேண்டும். கல்லூரி சீசன் டிசம்பர் தொடக்கத்தில் முடிகிறது, ஆக நடுவில் இருப்பது சில வாரங்கள்தான்.

கணக்கையும் பார்த்துவிடுங்கள். டிவிஷன் 1-ல் மட்டும் சுமார் 350 பெண்கள் அணிகள். அணிக்கு 28 பேர் என்று வைத்தால் பத்தாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதில் வருடத்துக்கு இரண்டாயிரத்துக்கு மேல் படிப்பை முடிக்கிறார்கள். 2026-ல் பாஸ்டனும் டென்வரும் சேர்ந்து என்.டபிள்யூ.எஸ்.எல்.-லில் 16 அணிகள். அணிக்கு அதிகபட்சம் 26 பேர் என்றால் மொத்தமே 416 இடம். அந்த இடங்களிலும் ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறார்கள். குறைந்தபட்சச் சம்பளம் 2025-ல் 48,500 டாலர், 2030-ல் 82,500 ஆக வேண்டும் என்று அதே ஒப்பந்தம் சொல்கிறது.

இதைச் சொன்னதும் சிலர், "அப்படியானால் கல்லூரியே வேண்டாமே, நேராக கிளப்புக்குப் போகலாமே" என்பார்கள். போனவர்கள் உண்டு. அமெரிக்க அணி வீராங்கனை லிண்ட்சி ஹோரன் 2012-ல் வட கரோலினாவின் இடத்தை விட்டுவிட்டு பாரிஸ் கிளப்புக்குப் போனார். மாலரி பியூ (இப்போது ஸ்வான்சன்) யு.சி.எல்.ஏ.-வில் சேர்ந்து, ஓர் அதிகாரபூர்வ ஆட்டம்கூட ஆடாமல் 2017-ல் வெளியேறினார். டிரினிட்டி ராட்மன் கல்லூரியில் சேர்ந்த நேரம் கோவிட் வந்து, அவரும் அங்கே ஆடவே இல்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய அமெரிக்க அணியின் முன்வரிசை மூவர் ஸ்வான்சன், ராட்மன், சோபியா ஸ்மித்; அவர்களில் கல்லூரி சீசன் ஆடியவர் ஸ்டான்போர்டின் ஸ்மித் ஒருவர்தான். ஆனால் பதினெட்டு வயதில் உலகத்தரத்தில் ஆடும் பிள்ளைகளுக்கான வழி அது. உங்கள் பெண் அந்த ரகம் என்றால் நீங்கள் இங்கே கேட்டிருக்க மாட்டீர்கள், கிளப்காரர்களே உங்கள் வாசலில் நின்றிருப்பார்கள். மற்றவர்களுக்குக் கல்லூரிதான் நல்ல வழி. நயோமி கிர்மா ஸ்டான்போர்டில் படித்து முடித்து 2022 டிராஃப்டில் முதலாவதாக வந்தார். 2025 ஜனவரியில் இங்கிலாந்து கிளப் செல்சி அவரைப் பத்து லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது, பெண்கள் கால்பந்தில் அந்தத் தொகையைத் தொட்ட முதல் கிளப் மாற்றம் அது. இங்கிலாந்தின் லூசி பிரோன்ஸ், அலெசியா ருசோ, லாட்டே வுபென்-மோய் மூவரும் கடல் தாண்டி வந்து வட கரோலினாவில் ஆடியவர்கள்தான்.

சரி, களத்தில் எத்தனை நிமிடம் ஆடுகிறாள் என்ற விஷயத்துக்கு வருகிறேன். கல்லூரி ஆட்டத்தின் விதிகள் கொஞ்சம் வேறு. வெளியே போன ஆட்டக்காரர் அதே ஆட்டத்தில் திரும்ப உள்ளே வரலாம். அதனால் கோச்கள் ஆளை மாற்றி மாற்றி இறக்கி, முழு வேகத்தில் ஓடவிடுகிறார்கள். சீசனும் ஆகஸ்டில் தொடங்கி மூன்று மாதத்துக்குள் வாரம் இரண்டு ஆட்டம் என்று அடைத்துவைத்தது. ஐரோப்பிய கிளப் கேட்பது வேறு: தொண்ணூறு நிமிடமும் களத்தில் நின்றாளா, எண்பதாவது நிமிடத்தில் களைத்தபோது எங்கே நின்றாள், பந்து காலில் இல்லாதபோது என்ன செய்தாள்? என் மகள் ஹைலைட் வீடியோ மட்டும் அனுப்பியபோது பெரும்பாலான கிளப்கள் பதிலே போடவில்லை. கேட்டவர்கள் எல்லாரும் முழு ஆட்ட வீடியோதான் கேட்டார்கள். பெரிய கல்லூரியில் ஆட்டத்துக்குப் பதினைந்து நிமிடம் ஆடும் பெண்ணிடம் அனுப்ப அப்படி ஒன்று இருக்காது.

இந்தக் கவலை இப்போது இன்னும் கூடியிருக்கிறது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட, கல்லூரி ஆட்டக்காரர்களுக்குப் பணம் கொடுப்பது பற்றிய ஹவுஸ் வழக்கு உடன்பாட்டுக்குப் பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளின் பெண்கள் சாக்கர் அணியில் 28 பேருக்கு மேல் இருக்கக்கூடாது. முன்பு 14 ஸ்காலர்ஷிப்பைப் பலருக்குப் பங்குபோட்டுக் கொடுப்பார்கள். இப்போது 28 பேருக்கும் முழுதாகக் கொடுக்க விதி இடம் தருகிறது. பணம் எல்லாக் கல்லூரியிலும் இருக்கிறதா என்பது வேறு கதை, அது பெரும்பாலும் அமெரிக்கன் ஃபுட்பாலுக்குத்தான் போகிறது. அதோடு கல்லூரி மாற விரும்புவோர் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாக இருபது, இருபத்தொரு வயது ஆட்டக்காரர்களும் வெளிநாட்டுப் பெண்களும் வருகிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வரும் பிள்ளை அவர்களோடுதான் இடத்துக்குப் போட்டி போடவேண்டும். ஆகவே கோச்சைப் பார்க்கும்போது வெட்கப்படாமல் கேளுங்கள்: அவள் ஆடும் இடத்தில் இப்போது யார் யார் இருக்கிறார்கள், எந்த வருடம் முடிக்கிறார்கள், போன வருடம் முதலாண்டு மாணவிகள் எவ்வளவு நேரம் ஆடினார்கள்? கடைசிக் கேள்விக்குப் பதில் கல்லூரி இணையதளத்திலேயே புள்ளிவிவரமாக இருக்கும், கோச் சொல்வதோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15-லிருந்து டிவிஷன் 1 கோச்கள் அவளோடு நேரடியாகப் பேசலாம். அதற்கு முன்பே அவள் மின்னஞ்சல் அனுப்ப ஆரம்பிக்கட்டும். அவளே எழுதவேண்டும், அப்பா அம்மா எழுதுவதை எந்த கோச்சும் ரசிப்பதில்லை.

கோடையைச் சும்மா விடாதீர்கள். கோடையில் நடக்கும் லீக்குகளான யு.எஸ்.எல். டபிள்யூ லீக் (2022-ல் வந்தது), டபிள்யூ.பி.எஸ்.எல். இரண்டிலும் கல்லூரித் தகுதியை இழக்காமல் ஆடலாம். அங்கே இருக்கும் கோச்களுக்கு வெளிநாட்டு கிளப்களில் தெரிந்தவர்கள் இருப்பார்கள். என் மகளுக்கு ஐஸ்லாந்து வாய்ப்பே கோடை அணியில் கூட ஆடிய ஒரு பெண் சொல்லித்தான் வந்தது.

என்.டபிள்யூ.எஸ்.எல். கிடைக்காவிட்டால் உள்நாட்டிலேயே இன்னொரு கதவு யு.எஸ்.எல். சூப்பர் லீக். 2024 ஆகஸ்டில் எட்டு அணிகளோடு தொடங்கியது, உங்கள் ஊர்ப்பக்கம் டாலஸ் டிரினிட்டி இருக்கிறது. இதுவும் முதல்தர லீக்காக அங்கீகரிக்கப்பட்டதுதான், ஐரோப்பா போல இலையுதிர் காலத்தில் தொடங்கி அடுத்த கோடையில் முடியும். அப்புறம் ஐஸ்லாந்து, ஸ்வீடன், பின்லாந்து, டென்மார்க் மாதிரி நாடுகளில் கீழ்நிலை லீக்குகள். பணம் சேர்க்கப் போகிற இடமில்லை அவை. என் மகளுக்கு மூன்று பேர் பங்குபோட்ட வீடும், செலவுக்குக் கொஞ்சம் பணமும் கொடுத்தார்கள். மாலையில் ஊர்ச் சிறுமிகளுக்குப் பயிற்சி கொடுக்கவேண்டும். மே மாதத்தில் பனிக்காற்றில் ஆடியதைப் பற்றி இன்றும் புலம்புவாள். ஆனால் ஒரு சீசன் தொழில்முறையாக ஆடியதாகக் கணக்கில் வந்துவிடும், அடுத்த கிளப் அதைத்தான் பார்க்கும்.

நம் வீடுகளில் கவனிக்கவேண்டியது விசா. கிரீன் கார்டு இருந்தால் என்.டபிள்யூ.எஸ்.எல். உள்நாட்டு ஆட்டக்காரராகவே எடுத்துக்கொள்ளும். இல்லையென்றால் கிளப்புக்கு அளவாகவே உள்ள வெளிநாட்டவர் இடங்களில் ஒன்று தேவைப்படும். புதுப் பெண்ணுக்காக அதை யாரும் சுலபத்தில் செலவழிக்க மாட்டார்கள். பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த ஹெச்-4-ல் இருக்கும் பிள்ளைக்கு 21 வயதில் அது முடிந்துவிடும், மாணவர் விசாவான எஃப்-1-க்கு மாறினால் விளம்பர ஒப்பந்தப் பணம் வாங்குவதில் சிக்கல் வரும். வழக்கறிஞரிடம் இப்போதே பேசிவையுங்கள். இந்திய அணியில் ஆடலாமா என்று பாட்டி வீட்டில் கேட்பார்கள்: ஓ.சி.ஐ. அட்டை போதாது, இந்திய பாஸ்போர்ட் வேண்டும்.

கடைசியாக ஏஜென்ட். கல்லூரியில் ஆடும் காலம் முடிவதற்குள் தொழில்முறை ஒப்பந்தத்துக்காக யாரோடும் கையெழுத்துப் போடும் முன், விதிகளைக் கவனிக்கும் கல்லூரியின் கம்ப்ளையன்ஸ் ஆபிஸில் கேட்டுவிடுங்கள், தகுதி போய்விடக்கூடும். ஐரோப்பாவில் டிரையல் வாங்கித் தருகிறேன், முதலில் பணம் கட்டுங்கள் என்று இன்ஸ்டாகிராமில் மெசேஜ் வரும், கண்டிப்பாக வரும். அந்தப் பெயர் ஃபிஃபாவின் உரிமம் பெற்ற ஏஜென்ட் பட்டியலில் இருக்கிறதா என்று அவர்கள் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். பட்டியலில் இருப்பவர் பொதுவாகத் தன் கமிஷனை ஒப்பந்தம் கையெழுத்தான பிறகுதான் எடுப்பார்.