பெடல்போர்டுக்கான (கிட்டார் ஒலியை மாற்றும் பெடல்களை அடுக்கிவைக்கும் பலகை) பேட்ச் கேபிள்களை, அதாவது ஒரு பெடலை அடுத்ததோடு இணைக்கும் குட்டைக் கேபிள்களை, நாமே சால்டரிங் செய்துகொள்வது லாபமா? புதுச்சேரியில் இருந்துகொண்டு இதைச் செய்ய முடியுமா?

செய்யலாம். ஆனால் காசு மிச்சமாகும் என்ற கணக்கில் இறங்க வேண்டாம். ஒரு பேட்ச் கேபிளுக்கு இரண்டு ஜாக் (பெடலில் செருகும் முனை) தேவை. மொத்தச் செலவில் பெரும்பங்கு அவற்றின் விலைதான். தரமான ஜாக் இரண்டு வாங்கினாலே, கடையில் கட்டுக்கட்டாக விற்கும் வார்ப்பு கேபிள்களின் (ஜாக்கைத் திறக்க முடியாதபடி பிளாஸ்டிக்கில் வார்த்தவை) விலையைத் தாண்டிவிடும். நான் எனக்கும் நண்பர்களுக்கும் செய்துகொள்வதற்குக் காரணம் வேறு. நீளத்தை நாமே முடிவு செய்யலாம், அறுந்தால் திறந்து சரிசெய்யலாம். வார்ப்பு ஜாக் அறுந்தால் குப்பைத் தொட்டிதான் கதி.

நம் ஊருக்கென்று இன்னொரு காரணமும் உண்டு: உப்புக் காற்று. ஜன்னல் கொக்கியையே தின்றுவிடும் காற்று, மெல்லிய செம்பு இழையை விட்டுவைக்குமா? செத்துப்போன மலிவு ஜாக் ஒன்றைப் பிளேடால் பிளந்து பாருங்கள். உள்ளே செம்பு கறுத்து, சில இடங்களில் பச்சை பூத்திருக்கும். 1982இல் பிரான்சில் தொடங்கிய ஜூன் 21 இசைத் திருவிழா புதுச்சேரியிலும் கொண்டாடப்படுகிறது அல்லவா, அதற்கு முந்தைய வாரத்தில்தான் பலரும் போர்டைப் பெட்டியிலிருந்து எடுப்பார்கள். “அண்ணா, கிறிஸ்துமஸுக்கு வாசிக்கும்போது நன்றாகத்தானே இருந்தது?” என்று தேவாலயப் பாடற்குழுத் தம்பிகள் வந்து நிற்பார்கள். பெட்டிக்குள் கிடந்த ஆறு மாதமும் காற்று தன் வேலையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

சால்டரிங் அயனும் ஈயமும் இங்கே எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும். 25 வாட் அயன் போதும் என்பார்கள். முடியும்தான், ஆனால் ஜாக்கின் தரைப்பகுதி (எர்த் இணைப்பு) கனத்த உலோகம் என்பதால் அது திணறும். வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் வகை கையில் இருந்தால் 350 டிகிரியில் வையுங்கள். ஈயம் 60/40 அல்லது 63/37, நடுவில் ரோசின் (மரப்பிசின்) உள்ளதாக இருக்கட்டும். எண்கள் வெள்ளீயம், காரீயம் கலந்த விகிதம். 63/37 வகை 183 டிகிரியில் சட்டென்று உருகி, சட்டென்று உறையும். குழாய் வேலைக்கு விற்கும் அமிலப் பசையைத் தொடவே வேண்டாம். அது பின்னாளில் இணைப்பை அரித்துவிடும். நல்ல ஜாக்கும் கேபிளும்தான் உள்ளூரில் சிரமம். சென்னைக்குப் போகிறவர்களிடம் ரிச்சி தெருவில் வாங்கிவரச் சொல்லலாம், அல்லது இணையத்தில் வரவழைக்கலாம்.

கேபிளில் ஷீல்டு இழைகள் (நடுக்கம்பியைச் சுற்றி இரைச்சலைத் தடுக்கும் இழைகள்) பின்னலாக இல்லாமல் ஒரே பக்கமாகச் சுற்றிய வகையை எடுங்கள். பின்னலைக் குண்டூசியால் ஒவ்வோர் இழையாகப் பிரிக்க வேண்டும். சுற்றிய வகையை விரலால் அவிழ்த்து முறுக்கிவிடலாம். தடிமன் 5 மி.மீ. அளவில் இருந்தால் நெருக்கமான போர்டில் வளைந்து கொடுக்கும்.

இனி முக்கியமான இடம். மேலுறையை நீக்கி, ஷீல்டு இழைகளை ஒதுக்கியதும், உள்ளே கறுப்பாக ஓர் உறை தெரியும். பலரும் அதைச் சாதாரணக் காப்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது கரி கலந்த பிளாஸ்டிக், மின்சாரத்தைக் கொஞ்சம் கடத்தும். கேபிளை மிதித்தாலோ அசைத்தாலோ ஸ்பீக்கரில் ‘கரகர’ என்று வராமல் தடுப்பதே அதன் வேலை. அதை நடுக்கம்பி வரை அப்படியே விட்டால் சிக்னல் அதன் வழியாகத் தரைக்குக் கசியும். ஒலி மங்கும், சில நேரம் நின்றே போகும். ஆகவே அந்தக் கறுப்பு உறையை ஷீல்டு முடியும் இடம் வரை உரித்தெடுங்கள். பிளேடை அழுத்தாமல் ஒரு சுற்றுச் சுற்றி, நகத்தால் இழுத்தால் காலுறை போலக் கழன்று வரும். அதன் அடியில் வெள்ளையாகவோ நிறமின்றியோ தெரிவதுதான் உண்மையான காப்பு. அதில் நுனியில் 3 மி.மீ. மட்டும் நீக்கினால் போதும்.

நீளத்தை அளக்கும்போது பெடல்களைப் போர்டில் வைத்துவிட்டே அளக்க வேண்டும். ஒரு நூலை வளைவோடு வைத்துப் பார்த்து, இரண்டு விரற்கடை கூட்டிக்கொள்ளுங்கள். தட்டையான ஜாக்குகளில் இன்னொரு சிக்கல் உண்டு: இரண்டு முனைகளும் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்பது. ஒரு மீட்டர் கேபிள் தானாக முறுக்கிக்கொண்டு சமாளிக்கும். பத்து சென்டிமீட்டர் கேபிளுக்கு அந்த வசதி இல்லை. திசை தவறினால் அது எப்போதும் திமிறிக்கொண்டே இருக்கும், இணைப்பும் சீக்கிரம் விட்டுப்போகும். முதல் ஜாக்கைப் பற்றவைத்ததும் அதைப் பெடலில் செருகி, இரண்டாவது ஜாக்கைப் பக்கத்துப் பெடலில் செருகி, கேபிள் இயல்பாக எப்படி விழுகிறது என்று பார்த்து ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஜாக்கின் மூடியையும் சுருங்கும் குழாயையும் முன்கூட்டியே ஒயரில் கோர்த்துவிடுவது நல்லது.

பற்றவைக்கும்போது மின்விசிறியை நிறுத்துங்கள், ஜன்னலைத் திறந்துவையுங்கள். மே மாதத்தில் இது கொடுமைதான், ஆனால் காற்றடித்தால் ஈயம் அரைகுறையாக ஆறும். ஒயர் நுனிக்கும் ஜாக்கின் காதுக்கும் (ஒயரைப் பற்றவைக்கும் சிறு தகடு) தனித்தனியாக ஈயம் பூசிக்கொண்டு, பிறகு இரண்டையும் சேர்த்துச் சூடாக்குங்கள். ஈயத்தை அயனில் வைக்காமல் இணைப்பில் வையுங்கள். அது தானாக ஓடி இழைகளுக்குள் ஊறும். இரண்டு மூன்று வினாடிக்கு மேல் நடுக்கம்பியில் சூடு காட்டினால் காப்பு உருகிப் பின்வாங்கிவிடும். ஆறும்வரை கை அசையக் கூடாது. ஆறியபின் பளபளப்பாக, ஓரங்களில் வழிந்து படிந்திருந்தால் சரி. மங்கலாக, உருண்டையாக உட்கார்ந்திருந்தால் மறுபடி சூடாக்குங்கள். முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு முறுக்குத் தட்டுப் பக்கம் போங்கள், தொட்டது காரீயம்.

மூடியைத் திருகிய பிறகு மல்டிமீட்டரைத் தொடர்ச்சிச் சோதனையில் (இணைப்பு இருந்தால் சத்தமிடும் நிலை) வையுங்கள். முனைக்கு முனை சத்தம் வர வேண்டும், உடலுக்கு உடல் சத்தம் வர வேண்டும், முனைக்கும் உடலுக்கும் இடையே எதுவும் வரக் கூடாது. கேபிளை ஆட்டிக்கொண்டே மூன்றையும் பாருங்கள். தட்டையான ஜாக்கில் நடுக்கம்பியின் காது மூடியில் உரசும் வாய்ப்பு அதிகம். உள்ளே ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுங்கள்.

ஒலி பளிச்சென்று மாறிவிடுமா என்றால், பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். கேபிளின் மின்தேக்குத் திறன் கூடினால் உயர்சுரம் மங்கும். மீட்டருக்கு 155 பிக்கோபேரட் மின்தேக்குத் திறன் உள்ள கேபிளில் 15 செ.மீ. துண்டுகள் பத்து செய்தாலும் மொத்தம் 230 பிக்கோபேரட் சுற்றித்தான் வரும். எல்லாப் பெடல்களும் ட்ரூ பைபாஸாக (அணைத்திருக்கும்போது சிக்னலை நேராகக் கடத்திவிடும் வகை) இருந்தால், உயர்சுரத்தில் அது இலேசாகத் தெரியலாம். முதலில் பஃபர் (சிக்னல் தேயாமல் வலுவாக அனுப்பும் சுற்று) உள்ள பெடல் ஒன்று இருந்துவிட்டால் அதுவும் காதில் விழாது.

இரைச்சலைப் போக்கத்தான் கேபிள் மாற்றப் போகிறீர்கள் என்றால் அதற்கு முன் மின்இணைப்பைப் பாருங்கள். ஒரே அடாப்டரிலிருந்து சங்கிலியாக எல்லாப் பெடலுக்கும் மின்சாரம் கொடுத்து, அவற்றில் ஒரு டிஜிட்டல் டிலேயும் (எதிரொலி தரும் பெடல்) இருந்தால், சந்தேகம் முதலில் அங்கேதான் போக வேண்டும். டிலேயைக் கழற்றிவிட்டு, மிச்சமுள்ள ஒரு பெடலைப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் கேபிள் நிரபராதி.

சால்டரிங்கே தேவையில்லாத, திருகி இறுக்கும் கிட்களைப் பற்றியும் கேட்பீர்கள். அவற்றில் செம்பும் உலோகமும் அழுத்தத்தால் மட்டுமே தொட்டுக்கொண்டிருக்கின்றன. நம் கடலோரத்தில், புதுச்சேரியோ கடலூரோ, அந்தத் தொடுமுகத்தில் படலம் படிந்து சில மாதங்களில் மீண்டும் வெட்டி மாட்ட வேண்டி வருகிறது. நிலையான போர்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். நிகழ்ச்சி நடுவே கேபிள் அறுந்தால் மேடை ஓரத்தில் அயன் சூடாகும்வரை காத்திருக்க முடியாது என்பதால், பையில் அந்தக் கிட் ஒன்று வைத்திருக்கிறேன்.