நாலு தடவை படித்தும் ஒரே வாரத்தில் மறந்துபோகிறதே, எனக்கு ஞாபகசக்தி குறைவா?

கேட்டிருப்பவர் நீடாமங்கலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் ஒரு தங்கை. பாடத்தை நாலைந்து முறை படிக்கிறாராம், முக்கிய வரிகளுக்குக் கலர் பேனாவால் கோடும் போடுகிறாராம். படிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கிறது. ஒரு வாரம் கழித்து மாதிரித் தேர்வில் உட்கார்ந்தால் ஒன்றும் வருவதில்லை. "ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் படிச்சாலும் மனசுல நிக்க மாட்டேங்குது, உளவியல் இதுக்கு என்ன சொல்லுது?" என்கிறார்.

நான் உளவியல் படித்தவன். மன்னார்குடியில் சாயங்கால நேரத்தில் போட்டித் தேர்வுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். நீங்கள் எழுதியதைப் பார்த்தவரை உங்கள் ஞாபகசக்திக்கு எந்தக் குறையும் இல்லை. உள்ளே போடுவதற்கு அவ்வளவு நேரம் கொடுக்கிறீர்கள், திரும்ப எடுத்துப் பார்க்க நேரமே கொடுக்கவில்லை. நினைவு பலப்படுவது பெரும்பாலும் அந்த எடுக்கும் வேலையில்தான்.

மறதி எல்லாருக்கும் வருவது. இதை முதன்முதலில் அளந்து பார்த்தவர் ஜெர்மானியரான ஹெர்மன் எபிங்ஹாஸ். அர்த்தமில்லாத அசைகளை வரிசை வரிசையாக மனப்பாடம் செய்து, தன்னையே சோதித்து, 1885-ல் புத்தகமாக வெளியிட்டார். அவர் பார்த்தது, அதே வரிசையை மறுபடி மனப்பாடம் செய்யும்போது முதல் தடவையைவிட எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்பதை. ஒரு மணி நேரத்தில் அந்த மிச்சம் பாதிக்கும் கீழே போய்விட்டது. ஒரு நாளில் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் ஒரு மாதம் கழித்தும் ஐந்தில் ஒரு பங்கு இருந்தது. 2015-ல் நெதர்லாந்தில் இதே சோதனையைத் திரும்பச் செய்தபோதும் கிட்டத்தட்ட இதே வளைவுதான் கிடைத்தது. சரிவு முதல் நாளிலேயே வேகமாக நடந்துவிடுகிறது, அப்புறம் நிதானமாகிவிடுகிறது. 'ஒரு நாளில் முக்கால்வாசி அழிந்துவிடும்' என்று யூடியூபில் பயமுறுத்துகிறார்களே, அதை நம்பாதீர்கள். நினைவுக்கு வராதது எல்லாம் அழிந்துபோனது என்று அர்த்தம் இல்லை. இரண்டாம் தடவை சீக்கிரம் ஏறுகிறது என்றால் உள்ளே ஏதோ தங்கியிருக்கிறது.

அடுத்தது, ஒரே நேரத்தில் மனசில் எவ்வளவு பிடித்து வைக்க முடியும் என்பது. உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956-ல் ஏழு விஷயம், அதில் இரண்டு கூடலாம் குறையலாம் என்றார். 2001-ல் இன்னொரு உளவியலாளர் நெல்சன் கோவன் அதைப் பரிசீலித்து, உண்மையில் நாலு அளவுதான் என்றார். எண்ணிக்கை எதுவானாலும், அது எழுத்துக்கணக்கோ வார்த்தைக்கணக்கோ கிடையாது, கொத்துக்கணக்கு. கொத்து என்றால், ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே விஷயமாக மனசில் நிற்பது. காவிரியின் கிளைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். கொள்ளிடம், வெண்ணாறு, வெட்டாறு, கோரையாறு, பாமணியாறு, கல்லணைக் கால்வாய் என்று வரிசையாக ஒப்பித்தால் நாலாவது பெயரிலேயே முதல் பெயர் நழுவும். உங்களுக்கு நீடாமங்கலம் மூணாறு தலைப்பு தெரியும். வெண்ணாறு அங்கே வந்து, கோரையாறும் பாமணியாறும் பிரிகிற இடத்தைப் பாலத்தில் நின்று பார்த்திருப்பீர்கள். அது ஒரு கொத்து. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, நம்மவர்கள் புது ஆறு என்று சொல்லும் கால்வாய், கொள்ளிடம் என்று நாலும் பிரிவது இன்னொரு கொத்து. நடுவில் தென்பெரம்பூரில் வெட்டாறு. மொத்தம் மூன்றே இடங்கள், எல்லாப் பெயரும் வந்துவிட்டன. சென்னையில் உட்கார்ந்து இதைப் படிப்பவருக்கு ஆறு பெயரும் ஆறு தனித்தனிச் சுமை. கிரெய்க், டல்விங் என்ற இரு உளவியலாளர்கள் 1975-ல் காட்டியதும் இதை ஒட்டியதுதான்: ஒரு சொல்லின் எழுத்து வடிவத்தைப் பார்த்தவர்களைவிட, அதன் பொருளை யோசித்தவர்களுக்கு அது அதிகம் நினைவில் நின்றது.

இனி உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லும் ஆய்வு. அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இருவர் 2006-ல் வெளியிட்டது. மாணவர்களுக்குச் சிறு உரைநடைப் பகுதிகளைக் கொடுத்தார்கள். ஒரு குழு நாலு அமர்விலும் படித்தது. இன்னொரு குழு முதல் அமர்வில் மட்டும் படித்தது, மற்ற மூன்றிலும் தாளை மூடிவிட்டு நினைவிலிருந்ததை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்த குழுதான் முன்னால் நின்றது: 83 சதவீதம், எழுதிய குழு 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது தலைகீழ்: படித்த குழு 40, எழுதிய குழு 61. இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது வேறொன்று. ஒரு வாரம் கழித்து எவ்வளவு ஞாபகம் இருக்கும் என்று அவர்களையே கேட்டபோது, படித்துக்கொண்டே இருந்த குழுதான் அதிக நம்பிக்கையோடு இருந்தது. திரும்பத் திரும்பப் பார்ப்பதால் வரிகள் பழகிப்போகின்றன. அந்தப் பழக்கத்தை மனசு 'தெரியும்' என்று எடுத்துக்கொள்கிறது. உங்களுக்கு நடப்பது அச்சு அசலாக இதுதான்.

நம் பக்கத்துத் தவில் வாத்தியார்கள் பாடம் சொல்வதைக் கவனித்திருக்கிறீர்களா? பையன் உட்கார்ந்ததும் புதுப் பாடம் கிடையாது. "நேத்து சொன்னதைச் சொல்லுடா" என்பார். அவன் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு சொற்கட்டை வாயால் சொல்ல வேண்டும். தடுமாறினால் உடனே எடுத்துக் கொடுக்க மாட்டார், கொஞ்சம் தவிக்க விடுவார். அந்தத் தவிப்புக்கு மதிப்பு அதிகம். சிரமப்பட்டு எடுத்தது நிலைக்கிறது என்பதைப் பல சோதனைகள் காட்டுகின்றன. இந்த வாத்தியார்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

அதனால் கலர் பேனாவைக் கொஞ்ச நாள் ஓரம் வையுங்கள். ஒரு பாடம் ஒரு தடவை நன்றாகப் புரிந்து படித்ததும் புத்தகத்தை மூடி, வெள்ளைத் தாளில் வந்ததையெல்லாம் எழுதுங்கள். பாதிதான் வரும், பரவாயில்லை. பிறகு திறந்து, விட்டதை மட்டும் பாருங்கள்.

மறுபடி எப்போது எழுதுவது? 2008-ல் செபேடா என்ற உளவியலாளரின் குழுவினர் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து, முதல் தடவை படிப்பதற்கும் மறுபடி பார்ப்பதற்கும் நடுவில் விடும் இடைவெளியைச் சோதித்தார்கள். ஒரு வாரத்தில் தேர்வு என்றால் ஒன்றிரண்டு நாள் இடைவெளி நல்ல பலன் தந்தது. ஒரு வருடம் கழித்துத் தேர்வு என்றால் மூன்று முதல் ஐந்து வாரம். தேர்வு தள்ளியிருந்தால் இடைவெளியும் தள்ளட்டும். ஒரே ராத்திரியில் நாலு தடவை படிப்பதை, அதே நேரச் செலவில் நாலு வாரத்துக்குப் பிரித்துப்போடலாம்.

ரெண்டு மணி வரை விழித்திருப்பதையும் நிறுத்துங்கள். படித்தது மூளையில் உறுதிப்படும் வேலை தூக்கத்திலும் தொடர்கிறது. படித்துவிட்டுத் தூங்கினால், அதே நேரம் விழித்திருப்பதைவிட மறதி குறைவு என்று 1924-லேயே ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இரு உளவியலாளர்கள் காட்டிவிட்டார்கள்.

மாதிரித் தேர்வு நிறைய எழுதுங்கள், அதுவும் திரும்ப எடுக்கும் பயிற்சிதான். ஒரு எச்சரிக்கை மட்டும்: நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தேர்வில் தவறான விடைகளையும் நாம் படிக்கிறோம். சரிபார்க்காமல் விட்டால் அந்தத் தவறான விடையே சரியென்று மனசில் தங்கிவிடக்கூடும். விடைக்குறிப்பை அன்றைக்கே பார்த்துவிடுங்கள். ஊகித்துப் போட்டு மதிப்பெண் வாங்கிய கேள்விகளையும் சேர்த்து.