பெரியாத்தாவுக்குச் சேலை, சீரியல் பேய்க்கு ஆணி

கேள்வி: மாமனார் காலத்துப் பெரிய வீட்டில் நான், கணவர், மாமியார், ஒன்பது வயது மகள் ஆகிய நாலு பேர் இருக்கிறோம். இரவில் வரும் ஓர் அமானுஷ்யத் தொடரைச் சேர்ந்து உட்கார்ந்துதான் பார்ப்போம். போன மாதம் வந்த ஒரு எபிசோடால் வீட்டில் பேச்சே குறைந்துவிட்டது. கதையில் செட்டிநாட்டு வீடு ஒன்று. வளவில், அதாவது நடு முற்றத்தைச் சுற்றிய பகுதியில், பல வருடம் பூட்டிக் கிடந்த அறையைத் திறக்கிறார்கள். அந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்து சின்ன வயதில் செத்துப்போன பெண்ணின் ஆவி, இப்போதைய மருமகள் மேல் இறங்குகிறது. கடைசியில் மந்திரவாதி வந்து அதை மரத்தில் வைத்து ஆணி அடிக்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் நாத்தனார், "இதுவரை வந்ததிலேயே இதுதான் டாப்" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதினார். கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். பாதியில் எழுந்து போன மாமியார் அப்புறம் டிவி முன்னால் உட்காரவே இல்லை. "அந்தக் கருமத்தை இந்த வீட்டில் போடாதே" என்கிறார். பங்காளி ஒருவர் சேனல் மேல் புகார் எழுதப் போகிறாராம். மகள் வீட்டின் பின்பக்கத்து இரண்டாம் கட்டுக்குத் தனியாகப் போகமாட்டேன் என்கிறாள். எனக்கு அந்த எபிசோட் பிடித்திருந்தது, வெளியில் சொல்லத்தான் பயம். மாசியில் முன்னோருக்குப் படைத்துக் கும்பிடும் படைப்பு வேறு வருகிறது. மாமனாரின் அண்ணன் மனைவி தலைப்பிரசவத்தில் தவறியவர். அந்தப் பெரியாத்தாவுக்குச் சேலை வைப்போம், சேலை எடுப்பது மாமியார் பொறுப்பு. இதற்கு நடுவில் ஒரு சீரியல் கம்பெனி எங்கள் வீட்டை ஷூட்டிங்குக்குக் கேட்கிறது. தொடர் பார்ப்பதை நிறுத்திவிடட்டுமா? யார் சொல்வது சரி?

— பெயர் வேண்டாம், தேவகோட்டை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மாசியில் இருக்கிற வேலையோடு வேலையாகப் படைப்பையும் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். கடிதத்தில் என்னை நிறுத்திய வரி அதுதான். அதைப் படித்த பிறகுதான் உங்கள் மாமியார் ஏன் பாதியில் எழுந்து போனார் என்று எனக்கு விளங்கியது.

அவர் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது பெரியாத்தா உயிரோடு இருந்திருக்கமாட்டார் என்று நினைக்கிறேன். முகம்கூடத் தெரியாத ஓரகத்தி. ஆனாலும் வருடா வருடம் கடையில் உட்கார்ந்து, நிறம் பார்த்து, கரை பார்த்து, இது அவளுக்கு நன்றாக இருக்கும் என்று ஒரு சேலை எடுக்கிறார். படைப்பு முறை குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். பொதுவாகப் பங்காளிகள் எல்லாம் கூடி, முன்னோருக்குப் புதுத்துணி வைத்து, இலை போட்டுப் பரிமாறி, விழுந்து கும்பிடுவார்கள். காலத்துக்கு முன்னால் போய்விட்ட பெண்ணை அங்கே யாரும் பேய் என்று சொல்வதில்லை. வீட்டுப் பிள்ளைகளுக்குத் துணையாக நிற்கிறவள் அவள். தென் மாவட்டங்களில் இசக்கியம்மனைக் கும்பிடுவதும் ஏறக்குறைய இந்தக் கணக்குத்தான்: அநியாயமாகச் செத்தவளுக்குச் செய்யவேண்டியதைச் செய்து, அவளைத் தெய்வமாக வைத்துக்கொள்வது.

இப்போது அந்த எபிசோடை நினைத்துப் பாருங்கள். அதே மாதிரி வீடு, அதே மாதிரி வளவு, வாக்கப்பட்டு வந்து சின்ன வயதில் செத்த பெண். அவளுக்குச் சேலை எடுப்பார் யாரும் இல்லை, ஆணிதான் கிடைக்கிறது. உங்கள் மாமியார் பயந்து எழுந்து போகவில்லை சகோதரி. தன் வீட்டுப் பெண்ணை நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தியதுபோல் அவருக்கு இருந்திருக்கும். பக்கத்தில் மகன் சிரித்துக்கொண்டு இருந்திருக்கிறார். எழுந்து போகாமல் என்ன செய்வார்?

இதில் தொடர் எடுக்கிறவர்களுக்குக் கெட்ட எண்ணம் இருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அவர்கள் தொழில் அப்படி. வாரத்துக்கு ஐந்து ஆறு நாள், தினம் அரைமணி நேரம் கதை ஓடவேண்டும். ஒரு சேலையும் ஒரு இலைச் சோறும் வைத்ததும் சமாதானமாகிவிடுகிற ஆவியை வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்டமுடியும்? இரண்டாம் நாளே சுபம் போடவேண்டியதுதான். பழிவாங்கத் துடிக்கிற, எத்தனை ஆணி அடித்தாலும் திரும்பி வருகிற ஆவிதான் கட்டுப்படியாகும். (விளம்பர இடைவேளை வரும்வரை பொறுத்திருந்து கதவைத் தட்டுகிற பேயின் கட்டுப்பாட்டை நான் எப்போதும் மெச்சுவேன்.)

உங்கள் கடிதம் வந்த பிறகு நானும் அந்த எபிசோடைத் தேடிப் பார்த்தேன். முதல் பாதி பிரமாதம். அறையைத் திறந்ததும் ஆவியைக் காட்டாமல், அடுக்கி வைத்த சீர்ச் சாமான்களைக் காட்டுகிறார்கள். ஒரு பாத்திரத்தில்கூடச் சமைத்த கரி இல்லை. அந்தப் பெண் எத்தனை நாள் வாழ்ந்திருப்பாள் என்பதை வசனமே இல்லாமல் சொல்லிவிட்டார்கள். உங்களுக்குப் பிடித்தது இந்த இடம்தான் என்றால் அதில் தப்பே இல்லை, தைரியமாகச் சொல்லுங்கள். மந்திரவாதி உள்ளே வந்ததிலிருந்து எல்லாம் வழக்கமான கூத்துதான். தலைவிரி கோலம், புகை, காதைக் கிழிக்கிற மேளம். இவ்வளவு அழகாக ஆரம்பித்ததை இப்படியா முடிப்பது என்று எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

நாத்தனார் ஏன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார் என்பதும் புரிகிறது. அவர் பார்த்தது பட்டாலையையும் தூணையும் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையையும். முகப்பில் நின்றால் பின்வாசல் வரைக்கும் கதவுக்குப் பின் கதவாக ஒரே நேர்கோட்டில் தெரியுமே, அதைக் காமிராவில் பார்க்கும்போது பிறந்த வீட்டுக்குள் நடந்துபோன மாதிரி இருந்திருக்கும். தூரத்தில் இருக்கிறவருக்கு வீட்டைப் பார்த்ததே பெரிய சந்தோஷம், பேய் ஒரு சாக்கு. இதற்காக அம்மாவும் மகளும் முறைத்துக்கொள்ள வேண்டியதில்லை. குழுவில் விவாதத்தை வளர்க்காமல், அம்மாவுக்கு ஒரு போன் போட்டுப் பேசச் சொல்லுங்கள்.

உங்கள் கணவர் சிரித்ததில்தான் எனக்குச் சம்மதமில்லை. பேயைப் பார்த்து எவ்வளவு வேண்டுமானாலும் சிரிக்கட்டும். மாசியில் வேட்டி கட்டிக்கொண்டு அதே பெரியாத்தாவுக்கு முன்னால் விழுந்து கும்பிடப் போகிறவர், அம்மா எழுந்து போன பிறகாவது நிறுத்தியிருக்கலாம். இதை நீங்கள் சொன்னால் மாமியாருக்கு வக்காலத்து வாங்குவதாகப் போய்விடும். இந்தப் பத்தியை மட்டும் அவர் கண்ணில் படும்படி மடித்து வையுங்கள்.

மாமியாரிடம் சீரியல் பேச்சை எடுக்கவேண்டாம். இந்தத் தடவை சேலை எடுக்கப் போகும்போது நீங்களும் கூடப் போங்கள். பெரியாத்தா எந்த ஊர், பார்க்க எப்படி இருப்பாராம், யார் சொல்லக் கேட்டீர்கள் என்று கேளுங்கள். சொல்ல விருப்பமிருந்தால் சொல்வார். இல்லையென்றால் சேலையை மட்டும் எடுத்துக்கொண்டு வாருங்கள், அதுவும் போதும்.

இனி மகள். எனக்கு இதுதான் அவசரமாகப் படுகிறது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது நடிப்பு என்று தெரியும். தெரிந்தாலும் பயம் போகாது. அதிலும் டிவியில் வந்த வீடு அவள் வீடு மாதிரியே இருக்கிறது. வெளிச்சம் குறைந்த அந்தத் தாழ்வாரத்தில் அவள் தினமும் நடக்கிறாள். "பேயாவது பிசாசாவது, போய் தண்ணீர் எடுத்துக்கொண்டு வா" என்று தனியாக அனுப்பிச் சோதிக்காதீர்கள். கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்து பயங்காட்டுகிற வேலையை அப்பா செய்யவே கூடாது.

பகலில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றுங்கள். சாவிக்கொத்தை அவளிடம் கொடுங்கள். பூட்டிக் கிடக்கும் அறைகளில் உங்கள் கையில் சாவி இருப்பதைத் திறந்து காட்டுங்கள், மற்றது யாருடையது என்று சொல்லுங்கள். பினாங்கில் ஒரு பங்காளி, சென்னையில் ஒருவர், ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது பங்குள்ள ஒவ்வொரு குடும்பத்துக்கும், ஒரு அறை என்று இருக்கும். பூட்டுக்குக் காரணம் பேய் இல்லை, பங்கு. 1942இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்தபோது அங்கே கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்யப் போனவர்கள் எப்படி உயிர் தப்பி ஊர் வந்தார்கள், அப்புறம் பிழைப்பைத் தேடி எங்கெங்கே போனார்கள் என்று உங்கள் குடும்பத்திலும் ஒரு கதை இருக்கும். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்கிற கதை அது.

ராத்திரிச் சத்தத்துக்கும் அவளுக்குக் காரணம் சொல்லவேண்டும். பகல் வெயிலில் சூடேறிய பர்மா தேக்கு ராத்திரி குளிரும்போது சுருங்கும், உத்தரமும் கதவும் முறுமுறுக்கும். வானம் பார்த்த வளவில் காற்று இறங்கினால் உள்கதவு தானாக ஆடும். ஓட்டுக்கு அடியில் ஓடுவது மரநாயாகவோ பெருச்சாளியாகவோ இருக்கும். ஒரு நாள் ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து, எந்தச் சத்தம் எதனுடையது என்று அவளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அவளுக்கு விருப்பமிருந்தால் அந்த ஆவிக் காட்சியைப் பகலில், சத்தத்தை முழுக்க நிறுத்திவிட்டுப் பாருங்கள். மேளம் இல்லாத பேய் பல்வலிக்காரி மாதிரிதான் இருக்கும். வேண்டாம் என்றாளானால் விட்டுவிடுங்கள். படுக்கப் போகும் முன்னால் இந்த மாதிரித் தொடர் அவள் கண்ணில் படவேண்டாம். சில வாரம் கழித்தும் தூக்கம் கெடுகிறது, பள்ளிக்கூடத்திலும் சுணங்குகிறாள் என்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். மந்திரிக்க அழைத்துப் போகலாம் என்று யாராவது சொல்வார்கள். அப்பத்தா நெற்றியில் விபூதி பூசிவிட்டால் வேண்டாம் என்று தடுக்காதீர்கள், அந்தக் கை பட்டால் பிள்ளைக்குத் தெம்புதான். அதற்கு மேல் எவரிடமும் கொண்டுபோகவேண்டாம்.

பங்காளி சொல்கிற புகார் விஷயம். 1994ஆம் வருடத்துக் கேபிள் டிவி விதிகளில், மூடநம்பிக்கையை வளர்க்கும் நிகழ்ச்சி கூடாது என்று தெளிவாக இருக்கிறது. 2021இல் வந்த திருத்தத்தின்படி முதலில் சேனலுக்குத்தான் எழுதவேண்டும், அவர்கள் 15 நாளுக்குள் முடிவு சொல்லவேண்டும். அது திருப்தியாக இல்லையென்றால் சேனல்கள் சேர்ந்து அமைத்திருக்கும் சுயக்கட்டுப்பாட்டு அமைப்புக்குப் போகலாம். தாராளமாக எழுதட்டும், உரிமை இருக்கிறது. ஆனால் மாமியாரின் மனக்குறைக்கு இதில் மருந்து இல்லை. நம்பிக்கையைக் கேவலப்படுத்தினார்கள் என்பது அவர் வருத்தம். மூடநம்பிக்கையை வளர்த்தார்கள் என்பது பங்காளி எழுதப்போகிற குற்றச்சாட்டு. அப்படி எழுதிவிட்டு மாசியில் படைப்புக்கு வந்து உட்காரும்போது, யாராவது கேட்டால் அவரும் பதில் சொல்லவேண்டி வரும். பதில் இருக்கிறது, ஆனால் யோசித்து வைத்துக்கொள்ளட்டும்.

தொடரை நிறுத்துவதா என்றால், நடுவீட்டில் பெரிய டிவியில் வேண்டாம். மகள் தூங்கிய பிறகு போனில், காதில் மாட்டிக்கொண்டு பாருங்கள். ஒளித்துப் பார்க்கிறோமே என்று சங்கடப்படத் தேவையில்லை, வீட்டில் ஒருவர் மனம் நோகாமல் பார்க்கிறீர்கள், அவ்வளவுதான்.

கடைசியாக ஷூட்டிங். சினிமா உங்கள் பக்கத்துக்குப் புதிதில்லை. ஏவி.எம். ஸ்டுடியோவே சென்னைக்குப் போகும் முன்னால், 1940களில் காரைக்குடியில்தான் இருந்தது. வாடகை வந்தால் ஓடு மாற்றவும் கரையான் மருந்து அடிக்கவும் ஆகும், அதையும் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் பங்குள்ள எல்லாப் புள்ளியும் எழுத்தில் சம்மதிக்காமல் முன்பணம் வாங்கிவிடாதீர்கள், பிறகு வருகிற வழக்கு எந்தத் தொடரையும்விட நீளமாக ஓடும். கதை என்ன என்று முதலிலேயே கேளுங்கள். தூணில், கதவில் ஆணி அடிக்கக்கூடாது, தரையில் காமிராவுக்குத் தண்டவாளம் போட்டால் கீழே விரிப்பு போடவேண்டும், உடைந்த கல்லுக்கு ஆத்தங்குடியிலிருந்தே மாற்றுக் கல் வாங்கித் தரவேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். படைப்புச் சாமான் இருக்கும் அறை படப்பிடிப்புக்குக் கிடையாது என்பதையும் சேர்த்து எழுதி, கையெழுத்துப் போடும் முன்னால் மாமியாருக்கு ஒருமுறை வாசித்துக் காட்டிவிடுங்கள்.