ரத்த நோய்கள்: மும்பைத் தமிழர்களின் கேள்விகளும் என் பதில்களும்

சென்ற வாரம் ரத்தநோய்ச் சிகிச்சையில் வந்துள்ள புதுமைகள் பற்றி மருத்துவர்களுக்கு நடந்த இரண்டு நாள் வகுப்பில் இருந்தேன். நம் ஆட்களுக்குப் பயன்படும் விஷயம் அதில் நிறைய இருந்தது. கேள்வி இருந்தால் அனுப்புங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரு வாரமாக வந்தவற்றில் சிலவும் பதில்களும் கீழே.

கே (ஆன்டாப் ஹில்): டாக்டர், அப்பாவுக்கு மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய். ஐஐடியில் உருவாக்கிய கார்-டி சிகிச்சை கொடுக்கலாமா? வீட்டை விற்கவும் தயார்.

ப: தம்பி, நீங்கள் சொல்வது நெக்ஸ்கார்19. பவாய் ஐஐடியும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கியது, 2023 அக்டோபரில் ஒப்புதல் கிடைத்தது. நோயாளியின் டி செல்கள் என்ற வெள்ளையணுக்களைப் பிரித்தெடுத்து, சிடி19 என்ற அடையாளம் உள்ள செல்லைக் கண்டால் தாக்கும்படி மாற்றி, பெருக்கி, அவருக்கே திரும்ப ஏற்றுகிறார்கள். அமெரிக்காவில் 3, 4 கோடி ஆகும் சிகிச்சை இங்கே ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு செலவில் நடக்கிறது. எனக்கு இதில் ரொம்பப் பெருமை. ஆனால் இது பி செல் லிம்ஃபோமா, பி செல் லுக்கீமியா என்ற ரத்தப் புற்றுநோய்கள் வந்து, மருந்துக்கு அடங்காதவர்களுக்கும் நோய் திரும்பியவர்களுக்கும் தருவது. மைலோமாவுக்கான கார்-டி வேறு, அது பிசிஎம்ஏ என்ற அடையாளத்தைக் குறிவைக்கும். போர்டெசோமிப், லெனலிடோமைடு போன்ற மைலோமா மருந்துகள் எல்லாம் கொடுத்தாயிற்றா, அவருடைய சொந்த ஸ்டெம் செல்லையே எடுத்து ஏற்றும் சிகிச்சைக்கு உடம்பு தாங்குமா என்று முதலில் அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள். வீட்டை விற்கும் பேச்சை அதுவரை எடுக்காதீர்கள்.

கே (டோம்பிவிலி): வயது 56, ஆண். ஹீமோகுளோபின் 8.9. ஆறு மாதமாக அயர்ன் மாத்திரை. ஏறுகிறது, நிறுத்தினால் இறங்குகிறது. வேறு நல்ல மாத்திரை சொல்லுங்கள்.

ப: ஐயா, மாத்திரையை மாற்ற வேண்டாம், காரணத்தைத் தேடுங்கள். இந்த வயது ஆணுக்கு இரும்புச்சத்து குறைந்தால், குடலில் எங்கோ ரத்தம் கசிகிறது என்றுதான் நான் முதலில் நினைப்பேன். அது புண்ணாக இருக்கலாம், மூலமாக இருக்கலாம், பெருங்குடல் புற்றுநோயாகவும் இருக்கலாம். இந்த வாரமே குடல் மருத்துவரைப் பார்த்து எண்டோஸ்கோப்பி, கொலோனோஸ்கோப்பி இரண்டையும் பேசிவிடுங்கள். காரணம் தெரியாமல் அயர்ன் போடுவது ஒழுகும் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான்.

கே (மாட்டுங்கா): கண்புரை அறுவைக்கு முன் எடுத்த டெஸ்டில் பிளேட்லெட் 31,000 என்று வந்ததால் தள்ளிவைத்துவிட்டார்கள். உடம்பில் ஒரு நீலத் தழும்பு கூட இல்லை, டாக்டர்.

ப: அம்மா, உங்கள் சந்தேகம் நியாயமானது. ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமல் இருக்கப் போட்டிருக்கும் இடிடிஏ மருந்தால் சிலருடைய பிளேட்லெட் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஸ்லைடின் ஓரத்தில் மைக்ராஸ்கோப்பை நகர்த்தினால் பத்து, இருபதாகக் கொத்துக் கொத்தாகக் கிடக்கும். மெஷினுக்கு அந்தக் கொத்து பிளேட்லெட்டாகத் தெரியாது, அதனால் எண்ணிக்கை குறைந்துவிடும். நீல மூடி சிட்ரேட் குழாயில் மறுபடி ரத்தம் கொடுங்கள், ஸ்லைடையும் ஒருவர் கண்ணால் பார்க்கட்டும்.

கே (தாராவி): அண்ணனுக்கு டெங்கு. பிளேட்லெட் 38,000. பப்பாளி இலைச் சாறு போதுமா, ஏற்ற வேண்டுமா?

ப: ரத்தக்கசிவு இல்லாமல் 10,000-க்கு மேல் இருந்தால் பொதுவாக ஏற்றுவதில்லை. சாற்றை நம்பி வீட்டில் இருக்காதீர்கள். காய்ச்சல் இறங்கும் நாட்கள்தான் ஆபத்து. வயிற்றுவலி, விடாத வாந்தி, சில்லிட்ட கைகால் தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரி. ஆஸ்பிரின், புரூஃபென் கூடாது.

கே (செம்பூர்): மகளுக்கு ஹெச்பி 11.6, எம்சிவி 64, ஆர்பிசி 5.9. ஒரு வருஷமாக அயர்ன், மாற்றமே இல்லை. வரன் பார்க்கிறோம். தலசீமியா சிந்திக்காரர்களுக்குத்தானே வரும்?

ப: பரம்பரையாக வரும் இந்த ரத்த நோய் நமக்கும் வரும். சிவப்பணுவின் சராசரி அளவான எம்சிவி 64-ஐச் சிவப்பணு எண்ணிக்கையான 5.9-ஆல் வகுத்தால் 11 கூட இல்லை. 13-க்குக் கீழே வந்தால் தலசீமியா கேரியரா, அதாவது அந்த மரபணுவைச் சுமப்பவரா என்று பார்க்க வேண்டும். ஹெச்பிஏ2 என்ற ஒருவகை ஹீமோகுளோபினின் அளவு 3.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கேரியர். கேரியர் நோயாளி அல்ல, ஆயுசு முழுக்க நன்றாக இருப்பார். இருவரும் கேரியராக அமைந்தால்தான் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு வாய்ப்பு, குழந்தைக்குத் தலசீமியா மேஜர் வர.

கே (முலுண்ட்): டாக்டரம்மா, கேரியர் என்று வெளியே சொன்னால் அந்தச் செம்பூர்ப் பெண்ணுக்குக் கல்யாணமே ஆகாது. பெண்ணை மட்டும் ஏன் சோதிக்க வேண்டும்? எங்கள் வீட்டில் ஊரிலேயே மாமன் மகன் இருக்கிறான், இந்த வம்பே வேண்டாம் என்று முடிக்கப் போகிறோம்.

ப: ஐயா, இதற்கு விரிவாகவே சொல்ல வேண்டும். உறவுக்குள் முடிக்கும்போதுதான் அதே மரபணு இரு பக்கமும் இருக்க வாய்ப்பு அதிகம். பரிசோதனை உங்களுக்குத்தான் முதலில் தேவை.

பெண்ணை மட்டும் ஏன் சோதிக்க வேண்டும் என்ற உங்கள் கோபம் சரி. அதனால்தான் பையனை முதலில் சோதிக்கச் சொல்கிறேன். அவன் கேரியர் இல்லை என்றால் தலசீமியா மேஜர் பயம் அங்கேயே தீர்ந்தது.

என்னிடம் மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வரும், தலசீமியா மேஜர் உள்ள ஏழு வயதுப் பெண் இருக்கிறாள். ஒரு பாட்டில் ரத்தத்தில் 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருக்கிறது. உடம்பு ஒரு நாளில் வெளியேற்றுவது 1, 2 மில்லிகிராம். மிச்சம் இதயத்திலும் கல்லீரலிலும் படியும். தினமும் காலையில் அவள் அம்மா, அந்த இரும்பை வெளியேற்றும் டெஃபெராசிராக்ஸ் மாத்திரையைக் கண்ணாடித் தம்ளரில் கரைத்து, அடியில் ஒட்டிய வண்டலுக்கு மறுபடி தண்ணீர் ஊற்றிக் கலக்கி, அதையும் குடிக்கவைக்கிறார். பெற்றோர் அத்தை மகன், மாமன் மகள். ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்திருக்கலாம்.

கே (தாராவி): பையன் வீட்டில் இதைக் கேட்டால் அவமானப்படுத்தியதாக நினைப்பார்களே மேடம்?

ப: நீங்களே உங்கள் ரிப்போர்ட்டை எடுத்து முதலில் கையில் கொடுங்கள். அப்புறம் அவர்களிடம் கேட்பதில் தயக்கம் இருக்காது.

கே (சயான்): ஹெச்பி 9.8. எந்த அயர்ன் மாத்திரை நல்லது?

ப: டோம்பிவிலிக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். உடம்பில் உள்ள இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் டெஸ்ட் பார்த்தீர்களா?

கே (கல்யாண்): அயர்ன் மாத்திரையோடு காபி குடிக்கலாமா?

ப: கூடாது, இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். ஃபெரிட்டின் பார்க்காமல் மாத்திரையே வேண்டாம். இது இன்று எத்தனையாவது முறை சொல்கிறேன்!

கே (வாஷி): சர்க்கரை 240 இருக்கிறது, என்ன மாத்திரை போடலாம்?

ப: சர்க்கரை மருத்துவரைப் பாருங்கள்.

கே (செம்பூர், மறுபடி): ரிப்போர்ட் வந்துவிட்டது டாக்டர். ஹெச்பிஏ2 5.4, ஃபெரிட்டின் 88. அழுகையாக வருகிறது.

ப: அழாதீர்கள் அம்மா, மகளுக்கு நோய் எதுவும் இல்லை. இரும்பு போதுமான அளவு இருக்கிறது, அயர்னை இன்றே நிறுத்துங்கள். இது உங்கள் இருவரில் ஒருவரிடமிருந்து வந்திருக்கும், அதனால் மகனுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவனையும் கூட்டிப் போங்கள். வெறும் வயிற்றில் போக வேண்டியதில்லை.